ரட்லண்ட் ஏரிக்கரையில் ட்ரவுட் பிடிக்கத் தொடங்குவது எப்படி?

வந்த கேள்வி: "அக்கா, வேலை மாறி இங்கிலாந்தில் லெஸ்டருக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. ஊர்க் குளத்தில் மண்புழு கோத்துக் கெண்டையும் கெளுத்தியும் பிடித்து வளர்ந்தவன் நான். இங்கே ரட்லண்ட் வாட்டர் ஏரியில் ட்ரவுட் மீனுக்குப் புழு கூடாது, ஃப்ளை என்கிற செயற்கைப் பூச்சிதான் என்கிறார்கள். 300 பவுண்டு ஒதுக்கி வைத்திருக்கிறேன். எந்த ராட் வாங்கலாம்? எவ்வளவு தூரம் வீசப் பழக வேண்டும்? ஊட்டியிலும் ட்ரவுட் உண்டாமே, அதுவும் இதுவும் ஒன்றா?"

தம்பி, தூரத்திலிருந்தே தொடங்குகிறேன். பதினைந்து கஜம் போதும். அதுவும் முதல் சீசன் முடிவதற்குள் வந்துவிட்டால் போதும். யூடியூபில் முப்பது கஜம் வீசிக் காட்டுகிறவர்களைப் பார்த்துத்தான் இந்தக் கேள்வி வந்திருக்கும். எனக்கும் அப்படித்தான் வந்தது.

முதல் வருடம், ஏப்ரல் மாதம், இதே ரட்லண்ட். வேடர் என்கிற, தொடை வரைக்கும் வரும் நீர்புகா பூட்ஸ் மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி நின்று, உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் திரட்டி நடு ஏரியைப் பார்த்து வீசிக்கொண்டிருந்தேன். நான்கு மணி நேரம், ஒன்றும் இல்லை. எனக்கு இடப்பக்கம் கொஞ்சம் தள்ளி ஒரு பெரியவர். மடக்கு ஸ்டூலில் உட்கார்ந்தபடி, ஷூகூட நனையாமல், கரையை ஒட்டிச் சின்னச் சின்ன வீச்சாகப் போட்டு நான்கு மீன் எடுத்துவிட்டார். கிளம்பும்போது என்னிடம் வந்து, "நீங்கள் நின்றுகொண்டிருந்த இடத்தில்தானம்மா மீன் இருந்தது" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையைத்தான் சொன்னார்.

காரணம் எளிது. ஏரியில் வெயில் அடிமட்டம் வரை இறங்குவது கரையோரத்தில்தான். வெயில் இறங்கும் இடத்தில் பாசி, பாசி இருக்கும் இடத்தில் பூச்சி, பூச்சி இருக்கும் இடத்தில் மீன். அதிலும் விடியற்காலையில், யாரும் காலை விட்டுக் கலக்காத நேரத்தில், முழங்கால் ஆழத்திலேயே ட்ரவுட் மேயும். மேயும் என்ற சொல்லைத் தெரிந்துதான் போடுகிறேன். ஆற்று ட்ரவுட் ஒரு கல்லுக்குப் பின்னால் இடம் பிடித்து நிற்கும், தண்ணீர் சாப்பாட்டைக் கொண்டுவந்து கொடுக்கும். ஏரியில் அந்த வசதி கிடையாது. மாடு மாதிரி அது நடந்து போய்த்தான் தின்ன வேண்டும். ஆகவே பத்து நிமிடம் ஒன்றும் கடிக்கவில்லை என்றால் மீன் இல்லை என்று பொருள் இல்லை, இன்னும் உங்கள் பக்கம் வரவில்லை என்றும் இருக்கலாம்.

இனி ராட், அதாவது தூண்டில்கோல் விஷயம். நம் ஊர்த் தூண்டிலில் தங்கூசியை இழுத்துக்கொண்டு போவது ஈயக்குண்டின் எடை. ஃப்ளையில் குண்டே கிடையாது. முள்ளில் நாலு இறகையும் நூலையும் சுற்றியதுதான் ஃப்ளை. எடை என்று சொல்ல ஒன்றும் இராது. அதைக் கையால் விட்டெறிந்தால் காலடியில்தான் விழும். அதனால் எடையை லைனிலேயே வைத்துவிட்டார்கள். பிளாஸ்டிக் பூச்சுப் போட்ட அந்தத் தடித்த லைனுக்கு எண்கள் உண்டு. 7ஆம் எண் லைன் என்றால் அதன் முதல் முப்பது அடி கிட்டத்தட்ட 12 கிராம், 6ஆம் எண் என்றால் பத்தரை கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. கோலிலும் அதே எண் அச்சிட்டிருக்கும். இரண்டும் பொருந்த வேண்டும். இங்கே ஏரிக்கரையில் எப்போதும் காற்று உண்டு என்பதால் ஒன்பதரை அல்லது பத்து அடி நீளத்தில் 7ஆம் எண் கோல், அதே எண்ணில் மிதக்கும் லைன், இரண்டும் வாங்குங்கள். மூழ்கும் லைன் இப்போது வேண்டாம். கடைக்காரர் மூன்று லைன் காட்டுவார், சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

அந்த 300 பவுண்டை இப்படிப் பிரியுங்கள்: முதல் செலவு ஒரு பாடம். ராட் வாங்குவதற்கு முன்னால். தகுதி பெற்ற பயிற்சியாளர் ஒருவரிடம் இரண்டு மணி நேரம் நில்லுங்கள், அவருடைய ராட்டையே கொடுப்பார். நான் இதைச் செய்யாமல் ஒரு வருடம் நானாகக் கற்றுக்கொண்டேன், பிறகு அதை மறக்க இரண்டு வருடம் ஆயிற்று. அதற்கப்புறம் ராட், ரீல், லைன் மூன்றும் சேர்ந்த தொடக்கநிலை செட் ஒன்று போதும். ரீலுக்குக் காசைக் கொட்டாதீர்கள், ஏரி ட்ரவுட்டுக்கு அது லைன் சுற்றி வைக்கிற பெட்டி, அவ்வளவுதான். மிச்சத்தை நல்ல கண்ணாடியில் போடுங்கள். போலரைஸ்டு கண்ணாடி போட்டால் தண்ணீரின் பளபளப்பு அடங்கி உள்ளே தெரியும். ஆனால் நான் அதை வற்புறுத்துவது வேறு காரணத்துக்காக: உங்கள் தலைக்குப் பக்கத்தில் ஒரு முள் வேகமாகப் பறக்கப் போகிறது. கண்ணாடியும் தொப்பியும் இல்லாமல் ஒரு வீச்சுகூட வீசக்கூடாது. என் காதில் ஒருமுறை ஏறியிருக்கிறது. கொக்கிமுனை நசுக்கிய முள் என்பதால் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது; இல்லையென்றால் அவசர சிகிச்சையில் போய் உட்கார்ந்திருப்பேன். முள்ளின் அந்தச் சின்னக் கொக்கியைக் குறடால் அமுக்கிவிடுவது மீனுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

வீசுவதை எழுத்தில் கற்றுத்தர முடியாது. ஆனால் எல்லாரும் செய்கிற ஒரே தப்பு இருக்கிறது, அதைச் சொல்லலாம். லைனைப் பின்னால் எடுத்ததும் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் முன்னால் தள்ளிவிடுவோம். லைன் பின்னால் இன்னும் வளையமாகத்தான் இருக்கும், நீண்டிருக்காது. நீளாத லைன் கோலை வளைக்காது, வளையாத கோல் எதையும் எறியாது. சாட்டை மாதிரி 'சடக்' என்று ஒரு சத்தம் வந்தால் முனையில் இருந்த ஃப்ளை அறுந்து போயிருக்கலாம் என்று பொருள். மருந்து இதுதான்: கையை காதோரம் வரை, போனில் பேசுகிற உயரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துங்கள். மணிக்கட்டு மடங்கக்கூடாது. நிறுத்திவிட்டு மனதுக்குள் "இரு" என்று ஒரு சொல் சொல்லுங்கள். திரும்பிப் பார்க்கவும் செய்யலாம், வெட்கப்பட ஒன்றும் இல்லை. லைன் நீண்டு முடிந்ததும் கையில் லேசாக ஒரு இழுப்பு தெரியும். யாரோ பின்னாலிருந்து சட்டையைத் தொட்டுக் கூப்பிட்டது போல இருக்கும். அப்போது முன்னால் தள்ளுங்கள். இதைப் பூங்காப் புல்வெளியில் முள்ளே இல்லாமல், நுனியில் ஒரு சிவப்புக் கம்பளி நூலைக் கட்டிப் பழகுங்கள். ஒரு வாரம், நாளுக்குப் பதினைந்து நிமிடம். பலசாலிகளுக்கு இது தாமதமாக வருகிறது என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

காற்றைப் பற்றி ஒன்று. வலது கைக்காரர் என்றால் காற்று இடப்பக்கத்திலிருந்து வீசும் கரையைத் தேடிப் போய் நில்லுங்கள். வலப்பக்கக் காற்று ஃப்ளையை முகத்துக்கே கொண்டுவரும்.

இப்போது நான் உண்மையிலேயே சொல்ல வந்த விஷயம், மீன் எதைத் தின்கிறது என்பது. ஃப்ளை என்றதும் தண்ணீர்மேல் வந்து உட்காரும் ஈ என்றுதான் நினைப்போம். ஏரி ட்ரவுட் தின்பதில் பெரும்பங்கு தண்ணீருக்கு அடியில். அதிலும் வருடம் முழுக்கக் கிடைப்பது கடிக்காத கொசு ஒன்றின் குஞ்சுகள். சாயங்காலம் ஏரிக்கரை மரத்தடியில் புகை மாதிரி சுழன்றுகொண்டிருக்குமே, அந்தக் கொசு. இங்கே அதை பஸ்ஸர் என்பார்கள், ரீங்காரத்தால் வந்த பெயர். அடிச் சேற்றில் சிவப்புப் புழுவாக இருக்கும். நம் இரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபின்தான் அந்தச் சிவப்புக்கும் காரணம். பிறகு கூட்டுப்புழுவாகி, சேற்றைவிட்டு மெல்ல மெல்ல மேலே ஏறும். மேலே வந்து தோலை உரித்துவிட்டுப் பறந்துவிடும். அந்த ஏற்றத்தில்தான் ட்ரவுட் அதைப் பொறுக்கித் தின்கிறது. தப்பி ஓட அதற்குத் தெரியாது, நீந்தவும் பெரிதாக வராது.

இதைக் கண்ணால் பார்த்தது அந்த ஸ்டூல் பெரியவர் தயவில். அடித்துக் கொன்ற மீனின் வாய்க்குள் ஒல்லியான நீண்ட கரண்டி ஒன்றை விட்டுத் திருப்பி எடுத்தார். மாரோ ஸ்பூன் என்று பெயர். நல்லி எலும்பை உறிஞ்சிச் சாப்பிடத் தெரியாத வெள்ளைக்காரத் துரைமார் மஜ்ஜையைத் தோண்டி எடுக்க வைத்திருந்த கரண்டி அது. அதில் வந்ததை வெள்ளைச் சாஸரில் கொட்டி, கொஞ்சம் ஏரித்தண்ணீர் விட்டார். கருப்பாக இருந்த களிம்பு பிரிந்து, தனித்தனியாக, காற்புள்ளி மாதிரி வளைந்த பூச்சிகளாக மிதந்தது. தலைப்பக்கம் வெள்ளையாகக் குஞ்சம், அதன் கீழே ஆரஞ்சு நிறக் கீற்று, வயிற்றில் வளையம் வளையமாகக் கோடு. நான் நாற்பது வரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டேன். இரண்டு இன்னும் நெளிந்துகொண்டிருந்தன. என் லைன் நுனியில் அன்று கட்டியிருந்தது கட்டைவிரல் நீள வெள்ளை இறகு. இட்லிக் கடையில் போய் பர்கர் விற்றிருக்கிறேன்.

இந்த வித்தைக்கு ஒரு முன்னோடி உண்டு. சாமர்செட்டில் பிளாக்டன் என்கிற நீர்த்தேக்கத்தில் 1904 முதல் ட்ரவுட் பிடிக்கிறார்கள். தொடக்கத்தில் சால்மனுக்குக் கட்டுகிற பெரிய பகட்டான ஃப்ளைகளைத்தான் வீசினார்கள். முதல் உலகப் போருக்குப் பின் அந்தப் பக்கம் குடிவந்த டாக்டர் பெல் என்பவர் பிடித்த மீனின் வயிற்றைக் கிளறிப் பார்த்து, உள்ளே இருந்ததைப் போலவே அடக்கமான சிறு ஃப்ளைகளைக் கட்ட ஆரம்பித்தார். மருத்துவர் புத்தி. ஏரியில் இன்று நாம் செய்வதெல்லாம் அந்த வழியில் வந்ததுதான்.

ஆக, பெட்டியில் நான்கே வகை ஃப்ளை போதும். கருப்பு பஸ்ஸர், 10 அல்லது 12 அளவு முள்ளில். டியவ்ல் பாக் ஒன்று. வேல்ஸ் மொழியில் குட்டிச்சாத்தான் என்று அர்த்தம், மயிலிறகு இழையைச் சுற்றிய ஒல்லி உடம்பு, எதைப் போலவும் இல்லை, எல்லாவற்றையும் போலவும் இருக்கும். ஊசித்தட்டான் குஞ்சு மாதிரியான பாசிப்பச்சை ஃப்ளை ஒன்று. பஞ்சு வாலோடு ஒரு கருப்பு லூர், அதாவது மீனைக் கவர்ந்திழுக்கிற பெரிய ஃப்ளை. ஒவ்வொன்றிலும் மூன்று. இங்கே மூன்று ஃப்ளையை ஒரே லைனில் வரிசையாகக் கட்டி மீன்பிடிப்பார்கள். நீங்கள் முதல் இரண்டு மாதம் ஒன்றே ஒன்று கட்டுங்கள். காற்றில் மூன்றும் பின்னிக்கொண்டால் பிரித்தெடுக்க மேட்னி ஷோ நேரம் ஆகும்.

தடித்த லைனுக்கும் ஃப்ளைக்கும் நடுவே லீடர் என்று மெல்லிய நரம்பு, பன்னிரண்டிலிருந்து பதினைந்து அடி, ஆறு பவுண்டு தாங்குவது. முடிச்சை இறுக்கும் முன் எச்சிலால் நனையுங்கள். காய்ந்த நரம்பை இறுக்கினால் உரசல் சூட்டிலேயே பலம் போய்விடும்.

வீசியாயிற்று. இனி எண்ணுங்கள். இந்த எண்ணுகிற வேலைதான் ஏரி ஃப்ளையில் பாதி. மீன் இன்று இரண்டடியில் மேய்கிறதா ஆறடியில் மேய்கிறதா என்று யாருக்கும் தெரியாது. ஃப்ளை விழுந்ததும் பத்து எண்ணிவிட்டு இழுக்கத் தொடங்குங்கள். சில வீச்சுக்கு ஒன்றும் இல்லையா, இருபது. பிறகு முப்பது. பாசி மாட்டிக்கொண்டு வந்தால் அடியைத் தொட்டுவிட்டது, நாலைந்து குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு மீன் கடித்துவிட்டால் அந்த எண்ணை அன்று முழுக்க விடாதீர்கள். நான் இன்றும் தமிழில்தான் எண்ணுகிறேன். பக்கத்தில் இருப்பவருக்கு என் எண் தெரியாமல் இருப்பதில் ஒரு அற்பத் திருப்தி.

இழுப்பது என்றால் ரீலைச் சுற்றுவது கிடையாது. இடது கை விரல்களில் லைனை எட்டு போடுகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகச் சுருட்டி எடுப்பது. பஸ்ஸருக்கு மிக மிக மெதுவாக. பக்கக் காற்று இருந்தால் அதுகூட வேண்டாம், காற்று லைனை வில்லாக வளைத்து இழுத்துக்கொண்டு போகட்டும், தொய்வை மட்டும் எடுங்கள். தக்கை முங்குவதைப் பார்த்துப் பழகிய கண் உங்களுடையது, இங்கே அந்தத் தக்கை லைனின் நுனிதான். கோல் முனைக்கும் தண்ணீருக்கும் இடையே தொங்கும் லைனின் தொய்வைப் பாருங்கள். அது நிமிர்ந்தால், அல்லது மிதக்கும் முனை அரை அடி நகர்ந்தால், கோலை நிதானமாக உயர்த்துங்கள். வெடுக்கென்று இழுத்தால் நரம்பு அறும். கெளுத்திக்கு இழுத்த இழுப்பு இங்கே ஆகாது.

மாதங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மார்ச், ஏப்ரலில் பஸ்ஸரும் கருப்பு லூரும், மெதுவாக. மே மாதம்தான் தொடங்குவதற்குச் சிறந்தது. ஜூனில் ஊசித்தட்டான். ஜூலை, ஆகஸ்டில் மேல்தண்ணீர் சூடாகி மீன் ஆழத்துக்கும் நடு ஏரிக்கும் போய்விடும். பகலில் கரையில் நிற்பது வீண், இருட்டுவதற்கு முன் ஒரு மணி நேரம் போய்ப் பாருங்கள். செப்டம்பரில் நீளக் கால் பூச்சிகள் காற்றில் அடித்துக்கொண்டு வந்து விழும், மீன் மறுபடி கரைக்கு வரும்.

இதெல்லாம் சொல்லிவிட்டு, முதல் நாளே ரட்லண்டுக்குப் போகாதீர்கள் என்றும் சொல்கிறேன். 1970களில் எம்பிங்கமில் அணை கட்டி எழுந்த ஏரி அது. கீழ் ஹாம்பிள்டன் என்ற ஊரே உள்ளே போய்விட்டது, நார்மன்டன் தேவாலயம் கரையோரத்தில் தப்பி நிற்கிறது. மூவாயிரம் ஏக்கருக்கு மேல் தண்ணீர். புதிதாக வருகிறவருக்கு அது கடல், எங்கே நிற்பது என்றே புரியாது. லெஸ்டரைச் சுற்றி சில ஏக்கரில் ட்ரவுட் விட்டு வளர்க்கும் சிறு குளங்கள் இருக்கின்றன, அரை நாள் டிக்கெட் கொடுப்பார்கள். மூன்று நான்கு முறை அங்கே போய் மீன் கோலை இழுக்கும்போது என்ன செய்வது என்று கை பழகட்டும். பிறகு ரட்லண்ட். அங்கே மீன் கிடைக்காத நாளிலும் வானத்தைப் பார்க்கலாம். நம் ஊரில் விராலடிப்பான் என்கிற பருந்து, 1996 முதல் ஸ்காட்லாந்திலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து இங்கே குடியேற்றியிருக்கிறார்கள். விராலுக்குப் பதில் இங்கே ட்ரவுட் அடிக்கிறது, யாரிடமும் டிக்கெட் வாங்காமல்.

உங்களுக்கு டிக்கெட் வேண்டும், அதற்கு மேல் அரசின் ராட் லைசென்ஸும் வேண்டும். இரண்டும் வேறு வேறு. 13 வயதிலிருந்து எல்லாருக்கும் லைசென்ஸ் கட்டாயம். ஒரு நாள், எட்டு நாள், ஒரு வருடம் என்று கிடைக்கும், இணையத்திலேயே வாங்கலாம். இல்லாமல் மாட்டினால் அபராதம் 2,500 பவுண்டு வரை போகும். குளத்துக்குக் குளம் விதி மாறும்: சிலவற்றில் பிடித்ததைக் கொன்றே ஆக வேண்டும், சிலவற்றில் விட்டே ஆக வேண்டும். பலகையைப் படித்துவிட்டு உள்ளே போங்கள். விடுவதென்றால் கையை நனைத்துக்கொண்டு, மீனைத் தண்ணீரைவிட்டுத் தூக்காமல் முள்ளைக் கழற்றிவிடுங்கள். தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டிய நாளில் விட்ட மீன் பிழைப்பது சந்தேகம். அந்த நாட்களில் நான் போவதே இல்லை.

ஊட்டிக் கேள்விக்கு வருகிறேன். ஆம், ஒன்றுதான். ஊட்டிப் பக்கம் நிலைத்திருப்பது வானவில் ட்ரவுட். வெள்ளைக்காரர்கள் தங்கள் பொழுதுபோக்குக்காகப் பலமுறை தோற்று, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சன் என்பவர் முயற்சியில் நீலகிரியில் வேர்பிடிக்க வைத்தார்கள். அவலாஞ்சியில் அதற்கான பொரிப்பகம் உண்டு. ஆனால் இந்த மீன் இங்கிலாந்துக்கும் சொந்தமில்லை. அதன் பூர்வீகம் வட அமெரிக்காவின் பசிபிக் கரை. இங்கே பூர்வகுடி பழுப்பு ட்ரவுட்தான். வானவில் இந்த ஏரிகளில் பெரும்பாலும் இனப்பெருக்கம் செய்வதில்லை, பண்ணையில் வளர்த்துக் கொண்டுவந்து விடுகிறார்கள். நீலகிரி ஓடைகளிலோ அது தானே முட்டையிட்டுப் பெருகியிருக்கிறது. அந்த வகையில் லெஸ்டர் மீனைவிட நம் ஊர் மீன் நன்றாகவே குடியேறிவிட்டது.

கடைசியாக, நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். ஏரி ட்ரவுட்டைக் குழம்பு வைக்காதீர்கள், உதிர்ந்துவிடும். கோடை மீனில் மண்வாடையும் அடிக்கும். பிடித்த இடத்திலேயே குடலை எடுத்து, ஐஸ் பையில் போட்டுக் கொண்டுவந்து, கல் உப்பும் கரைத்த புளியும் தேய்த்துப் பத்து நிமிடம் ஊறவைத்துக் கழுவுங்கள். பிறகு மிளகும் மஞ்சளும் மட்டும், தோல் பக்கம் கீழே இருக்கும்படி தோசைக்கல்லில். தோல் மொறுமொறுவென்று ஆகும் வரை திருப்பாதீர்கள்.